இருபதுக்கு 12.6 வாங்கியவர் அமெரிக்க எம்பிஏ-வுக்குப் போகலாமா?

பாரிஸுக்கு வடக்கே லா கூர்னேவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், முக்கியமான பகுதியை மட்டும் இங்கே தருகிறேன்.

“அக்கா, எனக்கு 26 வயது. அரசுப் பல்கலைக்கழகத்தில் எக்கோனோமி-ஜெஸ்தியோன் (பொருளாதாரம், மேலாண்மை) லிசான்ஸ், அதாவது மூன்று வருடப் பட்டம், முடித்தேன், சராசரி 20க்கு 12.6. இரண்டாம் வருடம் புள்ளிவிபரவியலில் 7 தான், மற்றப் பாடங்கள் தூக்கிவிட்டதால் பாஸ். பிறகு மாஸ்டர் இரண்டு வருடமும் அல்தெர்னான்ஸ், அதாவது வேலையும் படிப்பும் சேர்ந்த முறை, ஒரு சரக்குப் போக்குவரத்துக் கொம்பனியில் கொந்த்ரோல் த ஜெஸ்தியோன் (பட்ஜெட், செலவுக் கண்காணிப்பு) வேலை, சராசரி 14.1. அவர்களே சே-தே-இ (நிரந்தர வேலை ஒப்பந்தம்) தந்து வைத்துக்கொண்டார்கள், இப்போது இரண்டு வருடம் ஆகிறது. அமெரிக்காவில் எம்பிஏ செய்ய ஆசை. ஆனால் 12.6 என்றால் 63 சதவீதம், அமெரிக்கக் கணக்கில் அது ‘டி’, எடுத்தவுடனே தள்ளிவிடுவார்கள் என்று என் சிநேகிதன் சொல்கிறான். முதலில் ஒரு தனியார் பள்ளியில் 15,000 யூரோ கட்டி ஒரு வருட ‘மாஸ்தேர்’ செய், பெயர் எடுபடும் என்கிறார் இன்னொருவர். அப்பா ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை, அம்மா வீட்டில், தங்கை லிசான்ஸ் மூன்றாம் வருடம். நான் முயற்சி செய்யலாமா, இல்லை இது எங்களுக்கு எட்டாத காரியமா?”

தம்பி, முதலில் அந்த 15,000 யூரோவை எங்கேயும் கட்டாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம், இது அவசரம்.

பிரான்சில் ‘மாஸ்டர்’ என்ற பட்டம் அரசின் பாதுகாப்பில் இருப்பது. உங்கள் கையில் இருப்பது அதுதான், தேசிய டிப்ளோமா. ‘மாஸ்தேர்’ என்ற சொல்லுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, யார் வேண்டுமானாலும் தங்கள் படிப்புக்கு அந்தப் பெயரை ஒட்டிக்கொள்ளலாம். (கிராந்த் எக்கோல் எனப்படும் பெயர்பெற்ற உயர்கல்விப் பள்ளிகளின் கூட்டமைப்பு முத்திரை கொடுக்கும் ‘மாஸ்தேர் ஸ்பெசியாலிசே’ வேறு சங்கதி, இரண்டையும் குழப்பித்தான் பாதி விளம்பரம் ஓடுகிறது.) ஆக அரசு மாஸ்டர் வைத்திருக்கும் ஒருவர் அதைவிட மதிப்புக் குறைந்த ஒன்றுக்குப் பணம் கட்டப் போகிறார், அதுவும் ஒரு வருட வேலை அனுபவத்தை விட்டுக்கொடுத்து. அந்தத் தனியார் பள்ளியின் பெயரைக் கேட்டு பாஸ்டனிலோ சிகாகோவிலோ உங்கள் ஃபைலைப் படிப்பவர் மயங்கிவிடுவார் என்று நினைக்கிறீர்களா? அவருக்குப் பிரான்சில் ஆஷ்-உ-சே (HEC) வணிகப் பள்ளி தெரியும், எக்கோல் பொலிதெக்னிக் தெரியும், சியான்ஸ் போ தெரியும், சொர்போன் என்ற பெயர் தெரியும். மற்றதெல்லாம் அவருக்கு ஒன்றுதான். 1968 கலவரத்துக்குப் பிறகு பழைய பாரிஸ் பல்கலைக்கழகத்தை உடைத்து ஒன்று முதல் பதின்மூன்று வரை எண் போட்டார்கள், அப்புறம் ஒவ்வொன்றும் பெயர் மாற்றிக்கொண்டது, வில்தானேஸில் இருக்கும் ‘பாரிஸ் 13’ 2020இல் ‘சொர்போன் பாரிஸ் நோர்’ ஆனது. பிரான்சில் இருக்கிற நமக்கே தலை சுற்றுகிறது, அமெரிக்கருக்கு என்ன புரியும்.

உங்கள் பிரச்சினையும் இதில்தான் இருக்கிறது. உங்கள் பட்டம் மோசமானது இல்லை, அது அங்கே யாருக்கும் அர்த்தமாகாத மொழியில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அர்த்தம் சொல்ல வேண்டியது உங்கள் வேலை. மன்னிப்புக் கேட்பதோ, மேலே இன்னொரு பட்டத்தைப் போட்டு மூடுவதோ உங்கள் வேலை இல்லை.

சரி, 12.6க்கு வருவோம். பிரெஞ்சு வாத்தியார்கள் மத்தியில் ஒரு பழைய பேச்சு உண்டு, 20 கடவுளுக்கு, 19 வாத்தியாருக்கு என்று. வேடிக்கையாகச் சொல்வதுதான், ஆனால் மார்க் போடும்போது அப்படித்தான் போடுகிறார்கள். 10 எடுத்தால் பாஸ். 12 தாண்டினால் ‘அசே பியான்’, 14 தாண்டினால் ‘பியான்’, 16 தாண்டினால் ‘த்ரே பியான்’, அந்தக் கடைசி வரிசையில் வகுப்புக்கு ஒன்றிரண்டு பேர் இருந்தாலே பெரிது. இப்படிப் போட்ட மார்க்கை ஐந்தால் பெருக்கிச் சதவீதமாக்கி, 90க்கு மேல் எடுத்தால்தான் ‘ஏ’ என்கிற ஊரின் அட்டவணையில் வைத்துப் பார்த்தால் பிரான்ஸ் முழுக்க முட்டாள்கள்தான் படிக்கிறார்கள் என்று வரும். உங்கள் சிநேகிதன் கணக்கில் தப்பு இல்லை, அந்தக் கணக்கைப் போட்டதே தப்பு. மார்க்கை மாற்றிப் பார்ப்பவர்கள் வழக்கமாக 14க்கு மேல் போனால் ‘ஏ’ பக்கம் வைப்பார்கள், 12ஐத் தாண்டினால் ‘பி’ பக்கம். அந்தக் கணக்குப்படி உங்கள் லிசான்ஸ் ‘பி’, மாஸ்டர் ‘ஏ’யின் வாசலில் நிற்கிறது.

இதை இவ்வளவு சூடாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நானும் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் படித்தவள்தான், உங்களைவிடக் குறைவு, 11.8. முதல் தடவை விண்ணப்பித்தபோது யாரையும் கேட்காமல் நானே அதை 59 சதவீதம் ஆக்கி, அதை அமெரிக்க ஜிபிஏ-வாக (நான்குக்குப் போடும் சராசரியாக) மாற்றி, படிவத்தில் ஃபெயில் மாதிரி ஒரு எண்ணை நிரப்பி அனுப்பினேன். எல்லா இடத்திலும் நிராகரிப்பு. நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் ‘11.8 / 20’ என்று இருந்தபடியே எழுதி, கூடவே அரைப் பக்க விளக்கமும் வைத்தேன், இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். எம்பிஏ நுழைவுப் பரீட்சை மார்க்கும் நடுவில் கொஞ்சம் கூடியிருந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த எண்ணை என் கையாலேயே எழுதினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும்.

ஆகவே மார்க்கை மாற்றாதீர்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் ரெலெவே-யில் (மார்க் பட்டியலில்) உள்ளபடி, உள்ள அளவுகோலிலேயே கொடு, நீயே மாற்றாதே என்றுதான் பெரும்பாலான பள்ளிகள் சொல்கின்றன. ஒரு சில இடங்களில், முக்கியமாகச் சில மாநிலப் பல்கலைக்கழகங்களில், வெளி நிறுவனம் ஒன்றின் மதிப்பீட்டு அறிக்கை கேட்பார்கள். நியூயார்க்கின் வேர்ல்டு எஜுகேஷன் சர்வீசஸ் போன்றவை அதைச் செய்து தருகின்றன. கேட்டால் மட்டும் செய்யுங்கள், கேட்காத பள்ளிக்காக முன்கூட்டியே காசு கட்ட வேண்டாம்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய காகிதம் வேறு. உங்கள் பல்கலைக்கழகத்தின் ஸ்கொலாரித்தே (மாணவர் பதிவு) அலுவலகத்துக்கு எழுதி, ‘சுப்லெமான் ஓ திப்ளோம்’ கேளுங்கள். ஐரோப்பா முழுக்க ஒரே மாதிரி வடிவத்தில், என்ன படித்தீர்கள், எத்தனை கிரெடிட், மார்க் முறை எப்படி என்று விளக்கும் டிப்ளோமா இணைப்பு அது. நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கூடவே வகுப்பில் உங்கள் இடம், வகுப்பின் சராசரி இரண்டையும் எழுத்தில் தர முடியுமா என்று கேளுங்கள். மாஸ்டரில் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். வகுப்புச் சராசரி 11.5ஆக இருந்து நீங்கள் 14.1 என்றால், அந்த ஒரு வரி நான் இங்கே எழுதும் நாலு பக்கத்துக்குச் சமம்.

அடுத்தது, விருப்பமிருந்தால் மட்டும் எழுதும் கட்டுரை. விண்ணப்பத்தில் வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் இரண்டு விஷயம் எழுதுங்கள். ஒன்று, பிரான்சில் அரசுப் பல்கலைக்கழகத்தின் கதவு எப்படிப்பட்டது என்பது. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் வாசலிலேயே வடிகட்டி விடுவார்கள், உள்ளே போய்விட்டால் பெரும்பாலும் முடித்துவிடலாம். பிரான்சில் ‘பாக்’ (பள்ளி இறுதித் தேர்வு) பாஸானவருக்கு லிசான்ஸ் கதவு திறந்திருக்கும், வடிகட்டுவது உள்ளே. சேர்கிறவர்களில் பாதிக்கும் குறைவானவர்கள்தான் மூன்றே வருடத்தில் முடிக்கிறார்கள். நீங்கள் முடித்தீர்கள். இதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டாவது அந்த 7. அமெரிக்கக் கண்ணுக்கு 20க்கு 7 என்றால் ஃபெயில். ஃபெயிலான பாடத்தோடு பட்டம் எப்படிக் கிடைத்தது, ஏதாவது மோசடியா என்றுகூடத் தோன்றும். செமஸ்டரின் மொத்தச் சராசரி 10 வந்தால் ஒரு பாடம் இன்னொன்றை ஈடுகட்டும், அது சட்டப்படியான முறை என்று ஒரே வரியில் சொல்லுங்கள். பிறகு ஏன் 7 என்பதை ஒரு வரியில். வீட்டில் கஷ்டம், பேராசிரியர் சரியில்லை என்று ஆரம்பிக்காதீர்கள். சரியாகப் படிக்கவில்லை என்றால் அதையே எழுதுங்கள், அதற்குப் பிறகு வேலையில் தினமும் எண்களோடுதான் புழங்குகிறேன், பரீட்சையில் இவ்வளவு எடுத்தேன் என்று முடியுங்கள். மொத்தம் இருநூறு வார்த்தைக்கு மேல் போகக் கூடாது.

அந்த ‘பரீட்சையில் இவ்வளவு’ நன்றாக இருக்க வேண்டும், அது உண்மை. ஸ்டாடிஸ்டிக்ஸில் 7 வாங்கியவருக்குக் கணக்குப் பகுதி மார்க்தான் சாட்சி. எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட் இப்போது 2 மணி 15 நிமிடம், கணக்கு, மொழி, தரவு என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம், மொத்த மார்க் 205 முதல் 805 வரை. பழைய ஜிமேட்டில் 700 என்று எல்லோரும் பெருமை அடித்துக்கொண்ட மார்க் புதியதில் சுமார் 645, பழைய ஆட்கள் பேச்சைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அதற்குப் பதிலாக ஜிஆர்இ என்ற பொது நுழைவுத் தேர்வையும் ஏறக்குறைய எல்லாப் பள்ளியும் ஏற்கிறது. ஜிஆர்இ-யின் மொழிப் பகுதியில் கேட்கும் கடினமான ஆங்கிலச் சொற்களில் நிறைய பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்தவை, லா கூர்னேவில் லிசே (மேல்நிலைப் பள்ளி) படித்த உங்களுக்கு அவை பாதி தெரிந்த முகங்கள், சென்னையிலிருந்து எழுதுகிறவருக்கு இல்லாத வசதி. (ஒரே மாதிரி தெரிந்து பொருள் மாறும் சொற்கள் காலை வாரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) இரண்டிலும் ஒரு மாதிரித் தேர்வு இலவசமாகவே கிடைக்கும், எழுதிப் பார்த்து எது வசதியோ அதை எடுங்கள். படித்தது பிரெஞ்சில் என்பதால் டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வைப் பல இடங்களில் கேட்பார்கள், அது இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஜிமேட், ஜிஆர்இ ஐந்து வருடம் செல்லும்.

மூன்று வருட லிசான்ஸை நான்கு வருட பேச்சலருக்குச் சமமாக ஏற்பார்களா என்பது எனக்கு அடிக்கடி வரும் கேள்வி. உங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம், லிசான்ஸின் 180 கிரெடிட்டோடு மாஸ்டரின் 120ம் இருக்கிறது. லிசான்ஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பள்ளியின் தகுதிப் பக்கத்தையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும், பெரிய தனியார் பள்ளிகள் பலவற்றில் தடையில்லை, மாநிலப் பல்கலைக்கழகங்களில் விதி மாறும்.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போன விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு உங்கள் ஃபைலில் பிடித்ததே அதுதான். அல்தெர்னான்ஸ். இரண்டு வருடம் ஒரு கம்பெனியில் முறையான வேலை ஒப்பந்தத்தோடு, சம்பளச் சீட்டோடு வேலை பார்த்துக்கொண்டே, பல்கலைக்கழக வகுப்புக்கும் போய், 14.1 எடுத்திருக்கிறீர்கள், படிப்புச் செலவும் உங்கள் தலையில் விழவில்லை. அமெரிக்காவில் இப்படி ஒன்று பெரிதாகக் கிடையாது. ‘அப்ரண்டிஸ்’ என்று மொழிபெயர்த்துப் போட்டால் குழாய் ரிப்பேர் பழகினீர்கள் என்று நினைப்பார்கள், ‘இன்டர்ன்’ என்று போட்டால் இரண்டு மாதக் கோடைப் பயிற்சி ஆகிவிடும். நான் சொல்லிக் கொடுப்பது இதுதான்: பதவியின் பெயரை நேராகப் போடுங்கள், நிதி ஆய்வாளர் என்கிற மாதிரி, பக்கத்தில் ‘படிப்போடு இணைந்த இரண்டு வருட வேலை ஒப்பந்தம், மாதத்தில் இத்தனை வாரம் கம்பெனியில்’ என்று அடைப்புக்குள். அதை முழுநேர வேலை என்று கூட்டிச் சொல்லாதீர்கள். பின்னணி சரிபார்க்கும்போது அகப்படும், அகப்பட்டால் சேர்க்கையே போகும். உள்ளபடி சொன்னாலே போதும். பெரிய பள்ளிகளில் உள்ளே வருகிறவர்களின் அனுபவம் சராசரியாக ஐந்து வருடத்தை ஒட்டி இருக்கும். வகுப்பு தொடங்கும் நேரத்தில் உங்கள் சே-தே-இ மட்டும் மூன்று, நான்கு வருடம் ஆகிவிடும், பின்னால் இந்த இரண்டு வருடமும் நிற்கிறது. குறைவே இல்லை.

பயிற்சிக்கு வந்த பையனை கம்பெனி நிரந்தரமாக வைத்துக்கொண்டதும் சின்ன விஷயமா? அதைப் பரிந்துரைக் கடிதத்தில் உங்கள் மேலாளர் சொல்ல வேண்டும்.

பரிந்துரைக் கடிதம் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் பிரெஞ்சு ஆட்கள் பாராட்டத் தெரியாதவர்கள். கெட்ட எண்ணம் இல்லை, வழக்கம் அப்படி. ‘எலெவ் செரியோ’, அதாவது பொறுப்பான மாணவர், வேலையில் குறை இல்லை என்று ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதினால் அது பெரிய பாராட்டு. அதே வரியை ஆங்கிலத்தில் படிக்கும் அமெரிக்கர், இவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். அந்த ஊரில் சுமாரான ஆளுக்கே ‘நான் பார்த்ததில் தலைசிறந்தவர்களில் ஒருவர்’ என்றுதான் எழுதுவார்கள். ஆகவே உங்கள் ஷெஃப்பிடம் (மேலாளரிடம்) முன்னாடியே உட்கார்ந்து பேசுங்கள். கடிதத்தை நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது, அவரே எழுதச் சொன்னாலும் கூடாது. ஆனால் நீங்கள் செய்த மூன்று நான்கு காரியங்களைத் தேதியோடு, எண்ணோடு ஒரு தாளில் எழுதி ஞாபகப்படுத்தலாம், அமெரிக்கர்கள் சம்பவம் எதிர்பார்ப்பார்கள் என்று சொல்லலாம். கடிதத்தை உங்கள் கையில் கொடுக்கும் பழக்கமும் அங்கே இல்லை, பள்ளியே அவர் மின்னஞ்சலுக்கு இணைப்பு அனுப்பும், நிறையப் பள்ளிகளில் ஒரே மாதிரி பொதுக் கேள்விகள்தான். அவருக்கு ஆங்கிலம் தடுமாறும் என்றால் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இன்னொரு விஷயம், மாஸ்டர் டைரக்டரிடம் ஓடாதீர்கள், பேராசிரியர் கடிதம் எம்பிஏ-வுக்கு இரண்டாம் பட்சம், கூட வேலை பார்த்தவர் கடிதம்தான் வேண்டும்.

பிரெஞ்சு சீ-வேயை (சுயவிவரத்தை) அப்படியே மொழிபெயர்த்து அனுப்புவது அடுத்த தப்பு. போட்டோ, பிறந்த தேதி, கல்யாணம் ஆனதா, ‘பெர்மி பே’ என்ற கார் லைசென்ஸ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரே பக்கம். ‘பட்ஜெட் கண்காணிப்புப் பொறுப்பு’ என்று வேலை விவரம் எழுதாமல், எத்தனை கிளைக்குக் கணக்குப் பார்த்தீர்கள், எதைக் கண்டுபிடித்தீர்கள், கம்பெனிக்கு என்ன மிச்சமானது என்று எழுதுங்கள்.

கட்டுரையில் நம் பிள்ளைகள் இரண்டு விதமாக வழுக்குகிறார்கள். ஒரு பக்கம் ‘நான் செய்தேன்’ என்று சொல்ல நாக்கு கூசுகிறது, தமிழ் வீட்டிலும் தற்பெருமை கூடாது என்று வளர்த்தார்கள், பிரெஞ்சுப் பள்ளியிலும் ‘நான்’ என்று எழுதினால் சிவப்பு மை. இன்னொரு பக்கம், யாரோ சொல்லிக் கேட்டு, அப்பா அம்மா அகதியாக வந்தது, சின்ன வீடு, கஷ்டம் என்று மூன்று பக்கம் எழுதிவிடுகிறார்கள். படிக்கிறவருக்கு அது அப்பாவின் கதை. அப்பாவுக்குச் சேர்க்கை கொடுக்க முடியாது அல்லவா. பத்து வயதில் பிரெஃபெக்சூர் என்ற அரசு அலுவலகத்தில் அம்மாவுக்காக மொழிபெயர்த்தவர் இன்றைக்கு கம்பெனியில் கிடங்கு ஆட்களுக்கும் நிதிப் பிரிவுக்கும் நடுவில் நின்று பேசுகிறார் என்றால், அந்த இரண்டாவது பாதிதான் கட்டுரை, முதல் பாதி ஒரு பத்தி போதும்.

பணம். எட்டாத காரியமா என்று நீங்கள் கேட்டது இதைத்தான் என்று எனக்குத் தெரியும். வருடம் இருநூறு சொச்சம் யூரோ கட்டி மாஸ்டர் படிக்கிற ஊரிலிருந்து பார்த்தால் தொகை பயமுறுத்தும். முதல் வரிசைப் பள்ளிகளில் கல்விக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 80,000 டாலரை ஒட்டி வருகிறது, இருப்பிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்தால் 1,20,000 டாலரைத் தாண்டும், அது இரண்டு வருடம். ஆனால் இந்தத் தொகையை எல்லோரும் கட்டுவதில்லை. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் உதவித்தொகையைத் தேவையை மட்டும் பார்த்துக் கொடுக்கிறது, மார்க்கைப் பார்த்து இல்லை, உங்கள் கடைசி மூன்று வருட வருமானமும் சேமிப்பும் கணக்கில் வரும். மிக அதிகத் தேவை உள்ள சுமார் பத்து சதவீத மாணவர்களுக்கு முழுக் கல்விக் கட்டணத்தையும் கொடுப்பதாக 2022இல் அறிவித்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் பிசினஸ் ஸ்கூலிலும் உதவி தேவையை வைத்துத்தான். வேறு பல பள்ளிகள் நல்ல மாணவரை இழுக்கத் தகுதி உதவித்தொகை தருகின்றன, அங்கே ஜிமேட் மார்க் நேரடியாகக் காசாக மாறும். தேவையைப் பார்க்கும் பள்ளிகளுக்காக, க்ரூஸ் பூர்ஸ் (அரசின் மாணவர் உதவித்தொகை) வாங்கியிருந்தால் அந்தக் கடிதங்கள், எந்த எஷலோன் (உதவிப் படிநிலை) என்பதோடு, பத்திரமாக இருக்கிறதா என்று பாருங்கள், அப்பாவின் ‘அவி தாம்போசிசியோன்’ வரி அறிக்கைகளையும் எடுத்து வையுங்கள். குடும்ப நிலையை எழுத்தில் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. மிச்சத்துக்குக் கடன். அமெரிக்காவில் பிணை நிற்க ஆள் இல்லாத வெளிநாட்டு மாணவருக்குக் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, சில பள்ளிகளே ஏற்பாடும் வைத்திருக்கின்றன, வட்டியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அப்பாவின் கையெழுத்தையோ வீட்டையோ இதில் இழுக்கத் தேவையில்லாத வழி முதலில், மற்ற வழி பிறகு.

படித்து முடித்ததும் அங்கேயே வேலை என்று நம்பிக் கடன் வாங்குவதென்றால் ஒரு எச்சரிக்கை. மாணவர் விசாவில் படித்தவருக்கு 12 மாதம் வேலை செய்ய அனுமதி கிடைக்கும், படிப்பு அறிவியல்-தொழில்நுட்பப் பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம், இப்போது நிறைய எம்பிஏ-க்கள் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு எச்-1பி வேலை விசா, அது குலுக்கல், 2025 செப்டம்பரில் புது விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று ஒரு அறிவிப்பும் வந்து எல்லோரையும் கலக்கியது. ஆகவே கடனை ஐரோப்பியச் சம்பளத்தில் திருப்பிக் கட்ட முடியுமா என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் தொழிலே அதுதானே.

ஏன் அமெரிக்கா என்றும் யாராவது கேட்பார்கள், நேர்காணலிலேயே கேட்பார்கள், ஏனென்றால் பாரிஸின் கார் த லியோன் நிலையத்தில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஃபோன்தேன்புளோவில் இன்சியாத் வணிகப் பள்ளி இருக்கிறது, பத்து மாதப் படிப்பு. அதை 1957இல் தொடங்கிவைத்த ஜோர்ஜ் தோரியோ பாரிஸில் பிறந்து 1921இல் அமெரிக்கா போய், ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் பல பத்தாண்டு பாடம் நடத்தியவர். அங்கே கற்றதை இங்கே கொண்டுவந்து வைத்தார், நீங்கள் அதைத் தாண்டி அங்கேயே போக வேண்டும் என்றால் காரணம் வேண்டும். உங்களிடம் காரணம் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இன்சியாத்துக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள், கட்டணம் ஒரு லட்சம் யூரோவை ஒட்டினாலும் ஒரு வருடச் சம்பளம் மிச்சம்.

தங்கையைப் பற்றிச் சும்மா குறிப்பிட்டிருக்கிறீர்கள், ஆனால் அவருக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது, உங்களுக்கு அது மூடிவிட்டது. ஹார்வர்டில் ‘2+2’, வார்ட்டன், கொலம்பியா, எம்ஐடி, சிகாகோ எல்லாவற்றிலும் வேறு வேறு பெயரில், பட்டப்படிப்பின் கடைசி வருடத்திலேயே விண்ணப்பித்து இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் போய்ச் சேரும் முறை இருக்கிறது. நடுவில் முழுநேர வேலைக்குப் போகாமல் நேராக மாஸ்டர் படிக்கிறவர்களையும் பல இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். கடைசித் தேதி பெரும்பாலும் ஏப்ரலில். விண்ணப்பக் கட்டணமும் சில இடங்களில் குறைவு. அவர் மாஸ்டர் இரண்டாம் வருடத்தில் இருக்கும்போது போடட்டும், மார்க்கும் ஏறியிருக்கும்.

சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் நம் ஆட்கள் நிறையப் பேர் இதில் மாட்டியிருக்கிறார்கள்: பெயர். அப்பா பெயர் குடும்பப் பெயராகி, அகதிகளுக்கான அரசு அலுவலகம் ஓஃப்ப்ரா கொடுத்த பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் இன்னொரு எழுத்து, பல்கலைக்கழக ரெலெவே-யில் நீளம் பற்றாமல் பாதியில் வெட்டிய பெயர். ஜிமேட், டோஃபல் இரண்டுக்கும் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் பரீட்சை மண்டப வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், கட்டிய காசும் போகும். ஸ்கொலாரித்தேயில் பெயர் தப்பாக இருந்தால் டிப்ளோமா வாங்குவதற்கு முன் திருத்திக்கொள்ளுங்கள்.

காலண்டர் மட்டும் பாக்கி. முதல் சுற்றின் கடைசித் தேதி செப்டம்பர் தொடக்கத்தில், இரண்டாவது சுற்று ஜனவரி தொடக்கத்தில், வெளிநாட்டு மாணவர்கள் மூன்றாவது சுற்றுக்குக் காத்திருக்காமல் இருப்பது நல்லது, விசாவுக்கு நேரம் போதாது. முதல் சுற்றுக்குப் போடுவதென்றால் பிரெஞ்சுப் பல்கலைக்கழக அலுவலகம் ஆகஸ்டில் பூட்டிக் கிடக்கும் என்பதை மறக்காதீர்கள், ஜூலை நடுவிலேயே ஆளைப் பிடிக்க முடியாது. ரெலெவே, டிப்ளோமா இணைப்பு, வகுப்பு இடம், எல்லாம் ஜூன் முடிவதற்குள் உங்கள் கையில் இருக்க வேண்டும். சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு கேட்டால் நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளரிடம் போகலாம், அவர்களும் ஆகஸ்டில் கடற்கரையில் இருப்பார்கள்.

முதல் சுற்றின் முடிவு டிசம்பரில் வரும், இரண்டாவதன் முடிவு மார்ச் கடைசியில். முடிவு வந்த சந்தோஷத்தில் அடுத்த நாளே ஷெஃப்பிடம் ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் காத்ர் (உயர்நிலை ஊழியர்) பதவியில் இருந்தால் முன்னறிவிப்பு பெரும்பாலும் மூன்று மாதம், வகுப்பு ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்கும். உதவித்தொகைக் கடிதம், கடன் ஒப்புதல், மாணவர் விசாவுக்காகப் பள்ளி அனுப்பும் ஐ-20 படிவம் மூன்றும் வரட்டும். அவை வந்த பிறகு அப்பாவிடம் உட்கார்ந்து அந்தக் காகிதங்களைக் காட்டிப் பேசுங்கள், சே-தே-இயை விடுகிறேன் என்ற வார்த்தையை அதற்கு முன்னால் வீட்டில் எடுக்க வேண்டாம்.